நான்கு வேளைத் தண்ணீர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

போனை நீ எடுக்கவில்லை. இருபது தடவைக்கு மேல் அடித்துப் பார்த்தேன். போன வாரத்திலிருந்து அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. உன் விலாசத்தை டேங்கர் டிரைவரிடம்தான் வாங்கினேன். சைட்டில் ஒட்டகம் என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்கம்மா" என்றார். சொல்லிவிட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

கம்பெனி உன்னை வேறு ஊர் சைட்டுக்கு மாற்றிவிட்டது என்று மட்டும் உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். விசாரணை நடந்ததையோ, அன்றைக்கே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதையோ சொல்லவில்லை. "சொல்லாம கிளம்புற அளவுக்கு அப்படி என்ன அவசரம், மந்திரி பதவியா குடுத்தாங்க?" என்று கேட்டார். அப்புறம் இருமல் வந்துவிட்டது. நல்லவேளை, பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஆமாம், மாநகராட்சிக்குக் கொடுத்த புகாரில் முதல் கையெழுத்து என்னுடையதுதான். நம் தெருவில் இருபத்திரண்டு வீடு. அன்றைக்குப் பேப்பரை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். தம்பி தூசுக் கண்காணிப்பாளராக இருக்கிற சைட் ஆயிற்றே, இவள் போடுவாளா என்று. நான் போட்ட பிறகுதான் மற்றவர்கள் பேனாவைக் கையில் எடுத்தார்கள்.

வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? அந்தப் பழைய மில்லை இடிக்க ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரு விரிப்பை ஒரே தடவை துவைத்ததாகச் சரித்திரம் இல்லை. மொட்டை மாடியில் ஐந்து கொடி நிறையக் காலையில் உலர்த்துகிறேன். மதியம் எடுத்தால் கொடி பட்ட இடமெல்லாம் சாம்பல் கோடு. துவைக்கப் போடுகிற விடுதிக்காரர், "வெள்ளையா குடுத்தா சிமெண்ட் கலர்ல வருதே, சாயப்பட்டறை ஏதும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். விரிப்பையாவது மறுபடி அலசலாம். உன் அத்தானின் நெஞ்சை எந்தத் தொட்டியில் போட்டு அலசுவேன்? அக்டோபரில் இரண்டாவது தடவையாக ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த மறுநாள்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள். புகார் கொடுத்த மூன்றாம் நாளே டேங்கர் வந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அக்டோபரில் கையெழுத்துப் போட்டாய். விசாரணை டிசம்பரில். நடுவில் இரண்டு மாதம் தினமும் உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை சொன்னாயா? அந்த மூன்றாவது மாடி அறையில் அதிகாரி, "முதல் கையெழுத்து யாரோடது?" என்று கேட்டதும் நீ கையைத் தூக்கினாய். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "உங்க அக்காதானே?" என்றார். அத்தனை பேர் முன்னாலும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இருபது ஏக்கர் சைட் அது. அனுமதிப் பத்திரத்தில் நாளைக்கு நான்கு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்குக் கொடுத்தது இரண்டே டேங்கர். அதிலும் ஒன்றை மேனேஜர் கான்கிரீட் கலக்கத் திருப்பிவிடுவார். கேட்டால், "தூசி சார், ஒரு மழை வந்தா தானா அடங்கிடும்" என்பார். சிரிப்பார்கள். தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் பதிவேட்டில் நான்கு வேளை என்று எழுதியாக வேண்டும். எல்லா சைட்டிலும் அப்படித்தான்.

லாரிக்குத் தார்ப்பாய் போடாமல் ஒன்றையும் வெளியே விட்டதில்லை. சுற்றிலும் பச்சை வலை கட்டினேன். சக்கரம் கழுவ ஒரு தொட்டி கட்டச் சொல்லி மூன்று மாதம் நாயாக அலைந்தேன். அதெல்லாம் உன் கண்ணில் படவில்லை. தெளிக்காத நாள் மட்டும் பட்டது.

இனி எழுதாதே.

அத்தானின் மூச்சு மருந்து மெஷினில் ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். நான்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். பின்பக்க மூடியைத் திருகித் திற. இழுத்தால் உடைந்துவிடும்.


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

மூடியை இழுத்தேன், உடைந்துவிட்டது. உன் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஃபில்டரைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்திருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார்.

எழுதாதே என்றாய். நீ பதினொரு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும், "எங்கிட்ட யாரும் பேசக் கூடாது" என்றுதான் முதலில் சொன்னாய். அப்பாவும் அம்மாவும் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன் அத்தான், "சரி, பேசல. பஸ் ஓட்டப் போறேன், வர்றியா?" என்றார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போய் வந்தாய். வரும்போது வாய் ஓயவில்லையாம். ஆகவே நீ பேசாதே என்றால் நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். விசாரணையில் அதிகாரி ஜூன் பதினான்காம் தேதிப் பக்கத்தை விரித்துப் பிடித்தார். நான்கு வேளையும் தெளித்ததாக எழுதி, கீழே உன் கையெழுத்து. ஒட்டகத்தின் டிரிப் நோட்டில் அன்றைக்கு ஒரு டிரிப்கூட இல்லை. "என்ன சொல்றீங்க?" என்று அவர் கேட்டார். "நான் நின்னு பாத்துதான் சார் கையெழுத்துப் போட்டேன்" என்றாய்.

அந்த ஜூன் பதினான்கு எனக்கு மறக்காது. நீ எங்கள் முன்னறையில் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் படுத்திருந்தாய். நெற்றியில் நான்தான் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே காற்று. எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புழுதி. மாலையில் உன் அத்தானுக்கு மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து, வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதல் தடவை அதுதான். நீயும் காய்ச்சலோடு வருவேன் என்று எழுந்து நின்று கீழே விழுந்தாய்.

நீ அன்றைக்கு எங்கே நின்று எதைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நீ தெரிந்துகொண்ட பிறகு என்மேல் கோபப்படு.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

மூன்று வாரமாக இதை எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன்.

அந்த வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உடம்பு முடியவில்லை, இரண்டு மூன்று நாள் வரமாட்டேன் என்று சொன்னபோது மேனேஜர் பதிவேட்டை நீட்டினார். "போட்டுட்டுப் போங்க, யாரு பாக்கப் போறாங்க?" நின்றவாக்கிலேயே ஆறு பக்கம் போட்டேன். பேனாவைக் கீழே வைப்பதற்குள் அதை மறந்தும் விட்டேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயந்துகொண்டு போட்டிருந்தால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் உன் வீட்டில் இருந்தது விசாரணை அறையில் எனக்கு நினைவே வரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

இங்கே சாலை அகலப்படுத்துகிற வேலை. என்னைப் பார்வைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, கூரையில் காற்றுமானி. அரைமணிக்கு ஒருமுறை முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம். இடைவேளையில் ஓடி விளையாடுகிறார்கள். கோடு போட்ட பக்கத்தில் எண்ணை எழுதும்போது இப்போதெல்லாம் கை கொஞ்சம் நிற்கிறது.

ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். அத்தானிடம் சொல். இந்த விஷயத்தை அல்ல, நான் வருவதை. புது மூடி இந்த ஊரில் கிடைக்கிறது, வாங்கி வருகிறேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் அத்தான் ஆறாம் தேதி காலை போய்விட்டார்.

உனக்குச் சொல்ல முடியவில்லை. புது எண் எங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டு ஆசிரியர் கம்பெனி ஆபீசுக்குப் பேசினார். நீ வெளியே சைட்டில் இருக்கிறாய், தகவல் சொல்கிறோம் என்றார்களாம். மறுநாள் மதியம்வரை வைத்திருந்தோம். தெருமுனையைப் பார்க்க ஒரு ஆளை நிறுத்தியிருந்தேன். உன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு நல்லது.

பெரிய கஷ்டம் இல்லை. நான்கு நாளாகவே பேச்சுக் குறைந்துவிட்டது. ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை நிறுத்துவார். டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன், இது அந்தத் தூசியினால்தானா என்று. "முப்பது வருஷம் பஸ் புகை, சின்ன வயசுல சிகரெட், அதுக்கு மேல இந்த ஒரு வருஷத் தூசி. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாதும்மா" என்றார். உனக்கு ஆறுதலாக இதை எழுதவில்லை. அவர் சொன்னது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டிசம்பரிலேயே தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். என்னிடம் கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டி வரும் என்று கேட்காமலே இருந்திருக்கிறார். கடைசி ஞாயிற்றுக்கிழமை தலையணையில் சாய்ந்துகொண்டு, "அவனுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்ததே நான்தான்" என்றார். பள்ளிக்கூட அட்டையில் போட உனக்கு அவர்தானே பழக்கிவிட்டார். மூச்சு வாங்கிவிட்டு, "அழகாப் போடுவான்" என்றார். சிரித்தாரா இருமினாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மூடி வாங்கி வர வேண்டாம்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

என்னிடம் யாரும் சொல்லவில்லை. நேற்று ஆபீசில் கேட்டேன். தகவல் ஒரு சீட்டில் எழுதி மேஜையில் இருந்திருக்கிறது. அதன்மேல் யாரோ டீ கிளாஸ் வைத்திருந்தார்கள்.

உன் கடிதம் பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். பிறகு என்ன செய்தேன் என்று தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர் வந்து குழாயை மூடினார்.

மதியம் காற்று எழுந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது; தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. நான் போய் வண்டிகளை நிறுத்தச் சொன்னேன். இந்த ஊர் மேனேஜர் ஓடிவந்தார். "பத்து நிமிஷக் காத்துக்கு வேலைய நிறுத்துவாங்களா? எழுதாம விட்டுடுங்க" என்றார். "எழுதிட்டேன் சார்" என்றேன். மாலைவரை ஒரு வண்டியும் நகரவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் முறைத்தார்கள். இதனால் எதுவும் நேராகிவிடாது. உன்னைத் தவிர சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். ஏப்ரல் நான்காம் தேதி கடைசி விசாரணை. ஒட்டகத்தின்மேல் பழியைப் போடக் கம்பெனி முடிவு செய்திருக்கிறது. டேங்கரை அவர் தன் இஷ்டத்துக்கு வேறு எங்கோ ஓட்டிப்போனார், டிரிப் நோட்டைப் பின்னால் எழுதிக்கொண்டார் என்று சொல்லப் போகிறார்கள். நான் வந்து தலையாட்டினால் போதுமாம். மறுபடியும் தலையாட்டல்.

நான் வந்து நடந்ததைச் சொல்லப் போகிறேன். அதற்கப்புறம் இந்தத் தொழிலில் எனக்கு இடம் இருக்காது. இருக்கட்டும்.

உன்னைப் பார்க்க வரலாமா?

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

விசாரணைக்கு வா. நானும் வருவேன்.

சொன்னால் உன் தப்பை மட்டும் சொல். உன் அத்தானை அந்த அறைக்குள் இழுக்காதே. அவரைச் சொல்லி யாரும் தலையைக் குனிய வேண்டாம், யாரும் பரிதாபப்படவும் வேண்டாம்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் கட்டிக்கொண்டு அழுவேனா, கதவைச் சாத்துவேனா என்று எனக்கே தெரியாது.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

பின்வரிசையில் உன்னைப் பார்த்தேன். இளைத்துவிட்டாய்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆறு பக்கத்துக்கும் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டது, யார் போடச் சொன்னார், டேங்கர் எங்கே போயிற்று, எல்லாம். ஒட்டகம் குற்றவாளி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏன் சார்" என்றார். சைட்டை மூடச் சொல்லி உத்தரவு. ஐந்து டேங்கரும் தனி ஆளும் வைத்த பிறகுதான் திறக்கலாம். இனி எந்த சைட்டிலும் நான் கண்காணிப்பாளராக இருக்க முடியாது. அது நியாயம்தான்.

ஆனால் நான் முடிப்பதற்குள் நீ எழுந்து போய்விட்டாய். திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தெருமுனைவரை வந்தேன். மாடியில் கொடி வெறுமையாக இருந்தது. அங்கிருந்தே திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

நான் எதைச் சொன்னபோது எழுந்தாய் என்று மட்டும் சொல். அதற்கப்புறம் எழுத மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ சரியாகத்தான் பேசினாய். நான் எழுந்து போனது உன்னால் இல்லை.

அதிகாரி உன்னிடம், "இந்தப் பதிவேடு பொய்னு அப்பவே கம்பெனிக்கு வெளியே யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நீ, "யாருக்கும் தெரியாது சார்" என்றாய். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

எனக்குத் தெரியும். விசாரணையில் பார்த்துத் தெரிந்துகொண்டதுபோல உனக்கு எழுதினேன். அது உண்மையில்லை. ஜூன் பதினேழாம் தேதியே தெரியும்.

உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள் அது. அவரைப் படுக்கவைத்துவிட்டு நேராக சைட் வாசலுக்குப் போனேன். நீ அப்போதும் காய்ச்சலில்தான் கிடந்தாய். ஏன் தண்ணீர் தெளிக்கவில்லை என்று காவலாளியிடம் சத்தம் போட்டேன். அவர் உள்ளே போய் அந்தப் பதிவேட்டையே எடுத்து வந்து காட்டினார். "பாருங்கம்மா, பதினாலாம் தேதி, நாலு வேளையும் தெளிச்சிருக்கு. உங்க தம்பியே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார். பார்த்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பக்கத்தைப் புரட்டினேன், அன்றைய தேதிக்கும் போட்டிருந்தது. இன்னும் மதியமே ஆகவில்லை.

அங்கேயே கேட்டிருக்கலாம். மாநகராட்சிக்குப் போயிருக்கலாம். குறைந்தது, வீட்டில் படுத்திருந்த உன்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். நீ இரண்டு வருடம் வேலையில்லாமல் மாடியறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததுதான் கண்ணில் வந்தது. இந்த வேலை கிடைத்த அன்று நீ எங்கள் இருவருக்கும் செருப்பு வாங்கி வந்ததும் நினைவுக்கு வந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னலிலும் ஈரத்துணி தொங்கவிட்டேன். "என்ன திடீர்னு?" என்று அவர் கேட்டார். "வெயிலுக்கு" என்றேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். தினமும் துணியை நனைத்துப் போடுவேன், சாயங்காலம் பிழிந்தால் வாளியில் சேறு இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்டோபரில் அவர் இரண்டாவது தடவை விழுந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். புகார் கொடுத்த மூன்றாம் நாள் டேங்கர் வந்தது. ஜூனில் கொடுத்திருந்தால் ஜூனிலேயே வந்திருக்கும்.

பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார் அல்லவா, அதற்குள் இதையும் நான் போட்டு வைத்துக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தபோது அவரிடமும் சொல்லவில்லை. தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். யாரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது நினைக்கவில்லை. உன்மேல் இத்தனை கோபமாக எழுதினேனே, அதில் எவ்வளவு உனக்கு, எவ்வளவு எனக்கு என்று இப்போது தெரியவில்லை.

இதை உன்னிடம் வாயால் சொல்லத்தான் விரும்பினேன். தெருமுனையில் நீ நின்றதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பரவாயில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பொய் எழுதியது போதும்.

நீ ஜூனில் என்னை எழுப்பிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். "எல்லா சைட்லயும் அப்படித்தான்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன். நிச்சயமாக அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே கணக்கு முடித்துவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். கதவைச் சாத்தினால் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

விடுதிக்காரரின் பெரிய விரிப்புகள் சனிக்கிழமைதானே வரும். அத்தானுக்கு முடிந்தவரை அவர்தான் ஒரு முனையைப் பிடித்து உன்னோடு முறுக்குவார். அவருக்கு முடியாமல் போன பிறகு நீ ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டுத் தனியாக முறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறேன்.

துவைத்து வை. பிழியாதே. மறுமுனையை நான் வந்து பிடிக்கிறேன்.

தம்பி